மெஷினுக்கு முந்தியே தெரிந்துவிட்டதாம்

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
15.11.1998

அன்புள்ள மச்சான் கிட்டுசாமிக்கு, கந்தசாமி எழுதுவது. குளிர் ஒன்றைத் தவிர எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அங்கே தங்கச்சியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க ஈஸ்வரன் கிருபை செய்யட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பொள்ளாச்சி வரன் பற்றி நீங்கள் எழுதியது கிடைத்தது. இங்கே நம்ம பொண்ணு வான்மதி வேறு ஒரு குண்டைப் போட்டிருக்கிறாள். அவளோடு மூளை ஆராய்ச்சி செய்கிற கஜன் என்ற யாழ்ப்பாணத்துப் பையனைத்தான் கட்டுவாளாம், நாங்கள் ஊருக்குப் பிளேன் ஏறுவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டுமாம். பையன் நெட்டை, எங்கள் அபார்ட்மெண்ட் கதவில் குனிந்துதான் வருகிறான். நான் பிடிகொடுக்கவில்லை. போன வாரம் ஐசலின் இந்தியக் கடைத்தெருவில் உங்கள் அக்காவுக்குப் புடவையும் எனக்கு ஒரு பட்டுச் சட்டையும் எடுத்தபோதுகூட அவன்தான் கார் ஓட்டினான், நான் அவனிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

நேற்று அவர்கள் லேபுக்குப் போனேன். "நான்" என்கிற நினைப்பு மூளையில் எப்படி உண்டாகிறது என்று ஆராய்கிறார்களாம். மூளை முழுக்க நரம்பு அணுக்கள் விநாடிக்கு நாற்பது தடவை சேர்ந்து துடிப்பதுதான் அந்த நினைப்பு என்று ஒரு கட்சி. நான் ஈ.பி.யில் குப்பை கொட்டியவன் அல்லவா, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நம் ஊர்க் கரண்டே விநாடிக்கு ஐம்பது சைக்கிள், மனுஷனுக்கு வெறும் நாற்பதா? இன்னொரு கட்சி, மூளைக்குள் ஒரு நாடக மேடை இருக்கிறது, வெளிச்சம் படுகிறது மட்டும் நமக்குத் தெரியும் என்கிறது. "சரி தம்பி, கீழே உட்கார்ந்து நாடகம் பார்க்கிறது யாரு?" என்றேன். "அதுதான் அங்கிள் இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது" என்றான். படித்த பையன் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் என் தலையில் ஒயர் வைத்த குல்லாயை மாட்டினார்கள். மெஷினில் ஒரு கோடுகூட ஒழுங்காக வரவில்லை. "அப்பா, எண்ணெய் வைக்காம வாங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்! எலக்ட்ரோடு எப்படிப்பா ஒட்டும்?" என்று வான்மதி கத்துகிறாள். சனிக்கிழமை, எண்ணெய் தேய்க்காமல் எப்படி இருப்பது? சீயக்காய் வேறு தீர்ந்துபோச்சு. அந்தப் பையன் என்னை வாஷ்பேசினுக்குக் கூட்டிப்போய், ஷாம்பு போட்டு, கண்ணில் படாமல் கையை வைத்து மறைத்து, அவனே தேய்த்து அலசி, துவட்டியும் விட்டான். மச்சான், என் அம்மாவுக்கு அப்புறம் என் தலையை அப்படி யாரும் துவட்டியதில்லை.

"நீங்கள் விரும்பின நேரம் விரலைத் தூக்குங்கோ அங்கிள், எப்ப எண்டு முன்னமே யோசியாதேங்கோ" என்றான். பல தடவை தூக்கினேன், தூக்கலாம் என்று தோன்றினபோது எதிரே சுற்றுகிற கடிகார முள் எங்கே இருந்தது என்றும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பார்த்தால், தூக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதற்கு முந்தியே மண்டைக்குள் வேலை ஆரம்பித்துவிட்டது என்கிறது மெஷின், கிட்டத்தட்ட அரை விநாடி முன்னால். அப்போ முடிவு எடுத்தது யாரப்பா என்று சண்டைக்குப் போனேன். "மூளையும் நீங்கள்தானே அங்கிள்" என்று சிரிக்கிறான். அதற்கு வேறு அர்த்தம் சொல்கிற விஞ்ஞானிகளும் உண்டாம். ராத்திரி தட்டில் விரலை வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், ரசம் ஆறிப்போச்சு.

எது எப்படியோ, என் முடிவை எந்த மெஷினும் எடுக்க முடியாது. நன்றாக யோசித்து, முழு நினைவோடு எழுதுகிறேன்: இந்தச் சம்பந்தம் வேண்டாம். ஊரில் நாலு பேருக்கு யார் பதில் சொல்வது? பொள்ளாச்சிக்காரர்களைத் தை மாசம் பெண் பார்க்க வரச் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லாரும் நீண்ட ஆயுசோடு இருக்கவேணும்.

இப்படிக்கு,
கந்தசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். ராமாத்தாள் பெட்டியிலிருந்து அந்தப் பட்டுச் சட்டையை எடுத்து என் மேல் வைத்துப் பார்த்தாள். முழங்காலைத் தொட்டது. "ஏனுங்க, கடைக்காரன்கிட்ட நீங்களே கேட்டு வாங்குன அளவுதானே, இது யாருக்குங்க?" என்றாள். சட்டையை மடித்துக் கஜனுக்கென்று தனியே எடுத்துவைத்தேன். பொள்ளாச்சிக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். மெஷின் அரை விநாடி என்றது, எனக்கு ஒரு வாரம் பிடித்திருக்கிறது.