கேக்கோட கூரையில ஏறின கதை

படத்தில வாறவன மூளை கெட்டவன் எண்டு ஏசுறதுக்கு டிக்கெட் இருந்தாப் போதும். அவன் நிண்ட இடத்தில நாங்க நிண்டாத்தான் விசயம் விளங்கும்.

ஒரு சனிக்கிழமை என்ட காதலி சுதாவோட வெள்ளவத்தையில படம் பாத்தனான். ஹீரோவக் கள்ளன் எண்டு பிடிக்கிறாங்க. "அது நானில்ல" எண்டாப் படம் முடிஞ்சுது. அவன் வாயே திறக்கிறானில்ல.

"உலகத்தில இப்பிடி ஒருத்தன் இருப்பானா? எழுதினவனுக்கு விசரோ?" எண்டு தியேட்டருக்கே கேக்கக் கத்தினன். (நான் ஓ.எல். சோதினையில பெயில். ஆனா கதை எழுதுறவனுக்கு டியூசன் குடுப்பன்.)

"பயத்தில வாய் கட்டியிருக்கும்" எண்டா சுதா.

"எனக்கெண்டாக் கட்டாது!"

அடுத்த நாளே ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனன், அவட அப்பாட்டப் பொண்ணு கேக்க. அவர் என்னைக் கண்டதில்ல. தெமட்டகொடை ரயில் யார்ட்டில முப்பது வருசம் இஞ்சின் சத்தத்துக்கு மேலால கத்தின மனுசன். பெல்ல அமத்தினன்.

கதவு திறந்தது.

"எத்தின மணிக்கு வரச் சொன்னனான்? காலமை இருந்து டிவி இல்ல! ஏணி பின்னால கிடக்கு. ஏறு!"

அன்டெனா திருத்த வாற ஆள் எண்டு நினைச்சிட்டார். (கேக் பெட்டி அவருக்கு சாமான் பெட்டி போல.) "அங்கிள், நான் சுதாட..." எண்டா முடிஞ்சுது. வாயில வந்தது, "சரி ஐயா."

ஏறினன். கேக்கோட. ரெண்டு மாடிக்கு மேல தகரம். கால் வச்ச இடமெல்லாம் நெளியுது. கீழ ஓட்டோ எல்லாம் தீப்பெட்டி அளவு. அன்டெனாக் கம்பியக் கட்டிப்பிடிச்சு, கதிர்காமத்து முருகனையும் கொச்சிக்கடை அந்தோனியாரையும் ஒண்டாக் கூப்பிட்டன்.

"வலப்பக்கம் திருப்பு!" கீழ இருந்து சத்தம். திருப்பினன்.

அப்ப கேட்டடியில ஒரு மோட்டசைக்கிள் நிண்டுது. உண்மையான ஆள்!

"அப்ப மேல நிக்கிறவன் ஆர்?" எண்டார் அப்பா.

குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்ட சுதா ஓடி வந்து அண்ணாந்து பாத்தா. "அப்பா, இவர்தான் நான் சொன்ன ஆள்." பிறகு என்னைப் பாத்து, "ஒரு சொல்லு சொன்னாப் படம் முடிஞ்சிருக்கும், என்ன?"

எனக்கு இறங்க ஏலாது. அன்டெனாக்காரர்தான் பிடிச்சு இறக்கினார். கேக் வெயிலுக்குப் பாயாசமாகிட்டுது.

அப்பா என்னை மேலயும் கீழயும் பாத்தார். "ஏறு எண்டா ஏறுறான். என்ட மகளுக்கு இவன்தான் சரி."

கலியாணம் முடிஞ்சு நாலு வருசம். டிவி மங்கினா மாமா போன் எடுத்து, "மருமகன், ஏணி பின்னால கிடக்கு" எண்டுவார். பின்னால வீடே சிரிக்கும். பயமா இருக்கு எண்டு ஒரு சொல்லு சொன்னா முடிஞ்சுது.

"சரி மாமா" எண்டுதான் வருது.