ஃபோர் சைக்கிள் புத்தகம்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நானாக யாரிடமும் சொன்னதில்லை. அவர்களாகவே கண்டுபிடிக்கும்படி நடந்துகொள்வேன், அவ்வளவுதான். செய்யாறு கம்பெனியில் தினமும் பத்து மெயில் அனுப்புகிறவனுக்கு இந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி?

என் அக்கா ஸ்டெல்லா ஆரணியில் பெண்கள் பள்ளி ஆசிரியை. சேவூர்ப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள், செயின் கழன்றால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து முதல் பீரியடைக் கோட்டை விடுவார்கள். அவர்களுக்கே ரிப்பேர் கற்றுத்தர, தலைமையாசிரியையிடம் கெஞ்சி ஒரே ஒரு சனிக்கிழமைக்கு அனுமதி வாங்கியிருந்தாள். அது ஒழுங்காக நடந்தால்தான் வாராவாரம் வகுப்பு. அதற்கு நல்ல புத்தகமாகத் தேர்ந்தெடுக்க என்னை வேலூர்க் கடைக்கு அழைத்துப் போனாள். (விதி.)

அக்கா எடுத்த புத்தகத்தின் அட்டையில் ஒரு வெள்ளைக்காரர் ஹெல்மெட்டோடு சிரித்தார்.

"அத வைக்கா. பைக்னு போட்டுகீது. ஹெல்மெட் வேற மாட்டிகினு கீறான். அது மோட்டார் பைக்குக்கு."

"கையில வச்சிகினு கீறது சைக்கிள் செயின் மாதிரி கீதேடா?"

"இங்கிலீஷ் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

அக்கா (எம்.ஏ. தமிழ்) எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத தடிப் புத்தகம் ஒன்றை நான் எடுத்தேன். 'டூ சைக்கிள், ஃபோர் சைக்கிள் ரிப்பேர்' என்று தலைப்பு.

"டூ சைக்கிள்னா ரெண்டு சக்கரம். ஃபோர் சைக்கிள்னா, சின்னப் பசங்களுக்கு ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் மாட்டுவாங்களே, அது!"

வகுப்பில் படித்துச் சொல்ல நானே வருவதாகவும், உறையை அங்கே நான்தான் பிரிப்பேன் என்றும் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை, சைக்கிள் ஸ்டாண்டில் முப்பது பெண்கள். தலைமையாசிரியை நாற்காலியில். ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, உறையைப் பிரித்து, முதல் படத்தைத் தூக்கிக் காட்டினேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். (அவள் அப்பா ஸ்கூட்டர் மெக்கானிக்காம்.)

"சார், இது ஸ்பார்க் பிளக்குங்க சார். நம்ம சைக்கிள்ல எங்க கீது?"

அப்போதாவது உண்மையை ஒப்புக்கொண்டிருக்கலாம். "அது... புது மாடல்ல உள்ளுக்குள்ள இருக்கும்மா" என்றேன்.

"ஸ்டெல்லா டீச்சர், பெட்ரோல் எங்க ஊத்தணும்னு உங்க தம்பியக் கேட்டுச் சொல்லுங்க" என்று தலைமையாசிரியை எழுந்துவிட்டார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, அட்டை தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள். நாம் டூ ஸ்ட்ரோக் என்கிற எஞ்சினைத்தான் வெள்ளைக்காரர்கள் ஊரில் டூ சைக்கிள் என்கிறார்களாம். சைக்கிளைத்தான் பைக் என்கிறார்களாம்.

வகுப்பு ரத்தானது. அக்கா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பஸ் வந்துடும், கெளம்புடா" என்று மட்டும் சொன்னாள். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அடுத்த வருடம் அக்கா தனியாக வேலூர் போய் அந்த ஹெல்மெட்காரரை வாங்கி வந்தாள். மறுபடி கெஞ்சி வகுப்பையும் வாங்கினாள். இப்போது என் மகளும் அதில் படிக்கிறாள்.

போன வாரம் அக்கா வீட்டு வாசலில் என் சைக்கிள் செயின் கழன்றது. மகள் இரண்டே நிமிடத்தில் மாட்டிவிட்டு, கறுத்த கையைத் துடைத்தபடி, எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, பெட்ரோல் எவ்ளோ ஊத்தட்டும்?"

உள்ளேயிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சனிக்கிழமை சிரிக்காததையும் சேர்த்துச் சிரித்தாள்.