எரிகோ மதிலும் நாற்பது கார்டும்

அருமனைக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சபையின் அலுவலக அறையில், அந்தச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இருந்தவர்கள்: செயலர் ரசலையன், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். பெண்கள் சங்கத் தலைவி லீலாபாய். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தும் ராஜபாய். கதவோரம் பெஞ்சில், கோயிலைத் திறந்து பூட்டும் நேசையன். மேசைமேல் ஒரு தட்டு பழபஜ்ஜி. வராதவர், போதகர். குற்றவாளி, ஸ்டெனி.

ஸ்டெனி சென்னையில் ஒரு கால் சென்டரில் இரண்டு வருடம் இரவு ஷிப்டில் உட்கார்ந்து அமெரிக்கர்களின் பிரிண்டர்களுக்கு ஆறுதல் சொன்னவன். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். வந்தவன் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்காக, வேதத்தில் இடிந்து விழும் மதிலின் பெயரில் ‘எரிகோ’ என்று ஒரு போன் விளையாட்டு செய்தான். ஒரே நிறக் கற்களைச் சேர்த்துத் தட்டினால் மதில் இடியும். மொத்தம் ஐம்பது மதில். இப்போது அதற்குப் புதிதாக நாற்பது கார்டுகள். வேதத்தில் வரும் ஆளுக்கு ஒரு கார்டு, கார்டுக்கு ஒரு சக்தி.

நாகர்கோவில் வட்டார அலுவலகத்தில் இதை எல்லாச் சபைகளுக்கும் கொண்டுபோக ஓர் ஆள் தேவைப்பட்டது. பகல் வேலை. புதிய கார்டுகளில் குறையில்லை என்று சொந்தச் சபையின் கமிட்டி கடிதம் கொடுத்தால் வேலை ஸ்டெனிக்கு. மாதத்தின் நாலாவது சனிக்கிழமை கடைசி நாள். தவறினால் மறுபடியும் பிரிண்டர்.

இது முதல் சனிக்கிழமை. சோதனைக்காகக் கமிட்டியார் மூன்று பேரின் போனிலும் புதிய கார்டுகளைப் போட்டுக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

“கார்டுன்னா சீட்டா?” என்றார் ரசலையன்.

“இல்ல ஐயா. படம்.”

“சீட்டு அல்ல, படம்” என்று ரசலையன் மினிட் நோட்டில் எழுதிக்கொண்டார்.

லீலாபாய் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். “யூதாசு கார்டு எத்தன கல்லு இடிக்கும்?”

“முப்பது, மாமி. வெள்ளிக்காசு கணக்கு.”

“பேதுரு?”

“மூணு. மறுதலிச்ச கணக்கு.”

“காட்டிக் குடுத்தவனுக்கு முப்பது. சபைக்கு அஸ்திவாரம் போட்டவருக்கு மூணு. நல்லா இருக்கு மக்கா.”

“யூதாசு முப்பது இடிச்சிட்டு, கையில உள்ள மத்த கார்ட எல்லாம் கொண்டு போயிருவான் மாமி. பிள்ளைகளுக்கு அது ஒரு பாடமாக்கும்.”

“பாடம் கெடக்கட்டு. எனக்கு முப்பத்தொண்ணாவது மதிலு விழல்ல.”

ஸ்டெனி போனை வாங்கினான். பேதுருவை முதலில் விட்டு, யூதாஸைக் கடைசிக்கு வைத்துக் காட்டினான். இரண்டு நிமிடத்தில் மதில் விழுந்தது. லீலாபாய் போனைத் திரும்ப வாங்கிப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, “எழுதுங்க. யூதாசு சரியில்ல” என்றாள்.

முன்மொழிந்தவர் லீலாபாய். வழிமொழிந்தவர் ராஜபாய். அடுத்த சனிக்கிழமைக்குத் திருத்திக் கொண்டுவரவும்.

ஸ்டெனி யூதாஸுக்கு ஒரு கல் மட்டும் விட்டுவிட்டு, மிச்சம் இருபத்தொன்பதையும் சிம்சோனுக்குக் கொடுத்தான். பலசாலிக்குப் பலம். யார் குறை சொல்ல முடியும்?

இரண்டாவது சனிக்கிழமை, ராஜபாய் சொன்னாள்.

“ஒங்க சிம்சோன் மதில இடிக்கான். கூடவே ஆட்டத்தயும் முடிச்சிருகான்.”

“வேதத்துல அப்பிடித்தான டீச்சர். தூண இடிச்சாரு, அவரும் செத்தாரு.”

“வேதத்துல ஒருக்கத்தான் செத்தாரு. என் போன்ல நேத்து மட்டும் பதினாலு தடவ.”

அவளுக்கு இருபத்தாறாவது மதில். ஸ்டெனி காட்டிக் கொடுத்தான். விழுந்தது. ராஜபாய் திருப்தியாக ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டாள். குறை குறையாகவே மினிட்டில் ஏறியது.

“அதும் போக” என்று லீலாபாய் ஆரம்பித்தாள், “நாப்பது கார்டுல பொம்பளைய மூணே பேரு. ஒருத்தி முடி வெட்டுகா. ஒருத்தி உப்பா நிக்கா. ஒருத்தி பழம் திங்கா. எங்க சங்கத்துல நூத்திப்பத்து பேரு உண்டு. அவங்களுக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிட்டுக் காட்ட?”

ஸ்டெனி அந்த வாரம் மூன்று ஆண்களைக் கழித்து மார்த்தாள், மரியாள், ரூத் என்று மூன்று பெண்களைச் சேர்த்தான். மார்த்தாள் கார்டு இடிந்த கற்களைப் பெருக்கித் தள்ளும். மரியாள் கார்டு ஒன்றும் செய்யாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். அவள் உட்கார்ந்திருக்கும்வரை தோல்வி வராது.

மூன்றாவது சனிக்கிழமை லீலாபாய், “கார்டுக்குள்ள வந்தும் பெருக்கணுமா?” என்றாள். மரியாளைப் பற்றி ராஜபாய், “சும்மா இருக்கவளுக்கு எதுக்கு ஒரு கார்டு?” என்றாள். ரூத்தைக் குறை சொல்ல நேரம் போதவில்லை.

அன்றைக்கு ரசலையன் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரும் பேசினார்.

“மெத்தூசலா கார்டு. தொள்ளாயிரத்தி அறுவத்தொம்பது வாய்ப்பு குடுக்கு, இல்லியா?”

“ஆமா ஐயா. அவரு வயசு.”

“அம்புட்டயும் தீத்திட்டேன். நாப்பத்திமூணாவது மதிலு விழல்ல. இது நியாயமா?”

தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது தடவை விளையாட ஒரு மனிதருக்கு எத்தனை நாள் வேண்டும் என்று எல்லாரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள்.

ஸ்டெனி போனை வாங்கி மதிலை இடித்துக் கொடுத்தான். “வாய்ப்பு கூடிப் போச்சு, அதான் கவனம் போயிருது ஐயா. வேதத்துல சங்கீத புஸ்தகத்துல மனுசன் ஆயுசு எழுவதுன்னு சொல்லுது. எழுவதாக்கிருவோமா?”

“எழுவதா?”

“ஆமா ஐயா. அதுக்கு மேல வீண்.”

“எனக்கு எழுவத்திரண்டு” என்றார் ரசலையன்.

அந்தக் கூட்டம் ஜெபம் இல்லாமல் முடிந்தது.

நாலாவது சனிக்கிழமை வந்தது. சென்னைக் கம்பெனி, திங்கட்கிழமை வருவதானால் வரலாம் என்று மெயில் போட்டிருந்தது. ஸ்டெனி மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்து, யாருமே குறை சொல்ல முடியாத ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தான். நாற்பது கார்டுக்கும் ஒரே சக்தி. ஆளுக்கு ஐந்து கல். பெருக்குவது இல்லை, சாவது இல்லை, வயது இல்லை.

மூன்று பேரும் போனைத் தட்டிப் பார்த்தார்கள்.

“ஏவாளுக்கும் அஞ்சு, ஏசாயாவுக்கும் அஞ்சு” என்றார் ரசலையன். “பின்ன எதுக்குலே நாப்பது கார்டு? ஒண்ணு போதாதா?”

நாலு வாரத்தில் அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே சரியான விமரிசனம் அதுதான்.

“ஐயா, இண்ணைக்குத்தான் கடைசி நாளு. குறையோட குறையா ஒரு கடிதம் தந்தா போதும்.”

“குறையில்லன்னு எழுதணும்னா குறை இருக்கக் கூடாதுல்லா?” என்றாள் ராஜபாய்.

“ஒனக்காகத்தான் மக்கா சொல்லுகோம்” என்றாள் லீலாபாய்.

முன்மொழிந்தவர் லீலாபாய். வழிமொழிந்தவர் ராஜபாய். பொருள் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

கிளம்பும்போது ரசலையன், “போறதுக்கு முன்ன இத ஒண்ணு பாரு” என்று போனை நீட்டினார். மற்ற இருவரும் நீட்டினார்கள். ஸ்டெனி நின்றபடியே மூன்று மதில்களையும் இடித்தான். கை தானாகச் செய்தது. மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டே படியிறங்கி, ஒருவர் பின் ஒருவராக ரோட்டுக்குப் போனார்கள்.

அறையில் ஸ்டெனியும் நேசையனும்தான் மிச்சம். நேசையன் ஜன்னலைச் சாத்தி, தட்டை எடுத்து, விளக்கை அணைத்தார்.

“சென்னைக்கா மக்கா?”

“ஆமா.”

“ராத்திரி வேலைக்கு?”

“ஆமா. என்ன செஞ்சாலும் இவங்களுக்குப் பிடிக்கல்ல. எனக்கு வேற என்ன வழி?”

அவன் வாசலைத் தாண்டி வராந்தாவுக்கு வந்தான். நேசையன் பின்னாலேயே வந்து சாவிக்கொத்தை எடுத்தார். அவருக்கு என்னவோ போலிருந்தது.

“பிடிக்காம ஒண்ணும் இல்ல. மொதக் கூட்டத்துல நீ எறங்கிப் போனதும் மூணு பேரும் கடிதத்துல கையொப்பு போட்டு, ஒறை ஒட்டி, உள்ள மேசைக்குள்ளதான் வச்சிருக்காவ. அதக் குடுக்காட்டா நீ ஊரோட இருப்பன்னு நெனப்பு. குடுத்தா நாகர்கோவிலுக்குப் போயிருவல்லா, பின்ன அவங்களுக்கு மதில யாரு இடிச்சுக் குடுப்பா?” என்று சொல்லிக்கொண்டே நேசையன், ஸ்டெனிக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.