எங்கள் வீட்டு க்ரானிக் இருமல்

புதிதாகக் கற்ற ஆங்கில வார்த்தை புதுச் செருப்பு மாதிரி. நாலு பேர் பார்க்கப் போட்டுக்கொண்டு நடந்தால்தான் திருப்தி. ஐம்பதுகளின் தொடக்கத்தில், இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த என்னிடம் அப்படி ஒரு வார்த்தை இருந்தது: 'க்ரானிக்'. நெடுநாளாக விடாத உபாதையை டாக்டர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று அகராதியில் பார்த்திருந்தேன். எங்கே சொல்லக் கூடாது என்று அகராதியில் போடவில்லை.

விருதுநகரில் எங்கள் வீட்டை ஒட்டி மிளகாய் வத்தல் சேர்த்துவைக்கும் கிட்டங்கி. மிளகாய் மூட்டையைப் பிரித்தால் தெருவே இருமும். நாங்கள் அதை இருமலாகவே நினைப்பதில்லை (பேச்சுக்கு நடுவே மூச்சு விடுவது போலத்தான்).

எஸ்தர் அக்காவைப் பெண் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஆங்கில வாத்தியார். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போனதில் அம்மா பாதியாக இளைத்திருந்தாள். காபி கொண்டுவந்த அக்கா இருமினாள். அம்மா இருமினாள். ஜெபம் செய்த எங்கள் அப்பா, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் இருமினார்.

"என்ன, எல்லாரும் இப்படி இருமுதீக?" என்றார் வாத்தியார்.

நான் முந்திக்கொண்டேன். "பயப்படாதீக சார். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் க்ரானிக் காஃப்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எம்புட்டு நாளா?"

"தாத்தா காலத்துலேருந்து சார்," என்றேன் பெருமையாக.

காசநோய் என்றால் ஜனங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போன காலம் அது. வாத்தியார் மகனைக் கிளப்பிவிட்டார். அக்கா முகம் விழுந்துவிட்டது.

"ஏலே, இங்கிலீசுல என்னத்தலே சொல்லித் தொலைச்ச?" என்றாள் அம்மா.

அவர்கள் வாசலில் இறங்கவும் கிட்டங்கியில் மூட்டை பிரிக்கவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளைக்குப் புரையேறியது. வாத்தியார் இருமி இருமி, கண்ணில் நீர் கொட்ட, கதவைப் பிடித்துக்கொண்டார். அக்கா கூச்சத்தை விட்டுத் தண்ணீர்ச் செம்போடு ஓடினாள்.

"வத்தல் நெடி மாமா. எங்களுக்கும் இதேதான். தம்பி படிச்சவன், அவன் சொல்றதைக் கேக்காதீக."

வாத்தியார் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னை முறைத்தார். "அப்பம் எனக்கு வந்தது என்னதுலே?"

"திடீர்னு வந்தா அக்யூட், சார்."

அவர் சிரிக்கப் போய் மறுபடியும் இருமினார். திரும்பி உள்ளே வந்து, ஆறிப்போன காபியைக் குடித்தார்.

கல்யாணம் முடிந்து அத்தான் எங்கள் ஊரிலேயே வேலை தேடிக்கொண்டார். இப்போது அவர் இருமினால் வந்த விருந்தாளி மிரளுவார். அத்தான் அக்காவைக் கையால் காட்டுவார்.

"பயப்படாதீக. கட்டுனப்போ அக்யூட்டு. இப்பம் க்ரானிக்."