வாஷ்பேசினுக்கு வந்த மாற்றல் உத்தரவு

குளியலறை வாஷ்பேசின் விரிசல் விட்டால் மாற்ற வேண்டும். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அலுவலகக் குடியிருப்பில் இருப்பவர்கள் தெரிந்ததை எல்லாம் உடனே செய்துவிடக் கூடாது. முதலில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவறை எழுத்தருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினோரு வருஷமாக ஊரார் விண்ணப்பங்களுக்கு எண் போட்டே கை தேய்ந்தவர் அவர்.

அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். குனிந்து குழாயில் முகம் கழுவ முடியாது. வாஷ்பேசினில் கழுவினாலோ தண்ணீரெல்லாம் விரிசல் வழியாக அவள் காலடிக்கே வந்து சேரும். திங்கட்கிழமை காலையில் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள்.

"என்னங்க, பிளம்பரைக் கூப்பிட்டு மாத்திடலாமே?"

"அனுமதி இல்லாம ஆணி அடிச்சாலே வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. நான் முறைப்படி எழுதுறேன் பாரு."

முறைப்படியே எழுதினார்: 'எனது இல்லத்துக் கைகழுவு தொட்டிக்கு மாற்றல் வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' மாற்றல் என்ற சொல்லைக் கண்டதும் தபால் பிரிவு அதைப் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பாமல், ஆட்களை ஊர் மாற்றும் பிரிவுக்கு அனுப்பிவிட்டது. மூன்றாம் நாள் எழுத்தரைக் கூப்பிட்டார்கள்.

மாற்றல் பிரிவு மேலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே இடத்துல எத்தனை வருஷமா இருக்கு?"

"பதினாறு வருஷம் சார். ஆனா இது ஆள் இல்ல சார், வாஷ்பேசின். விரிசல் விட்டிருக்கு."

"உடல்நலக் காரணம். சரி. பதினாறு வருஷமா அசையாம இருந்திருக்கே, மேலிடத்துல யாராவது இருக்காங்களா?"

"மேல தண்ணித்தொட்டிதான் சார் இருக்கு."

மேலாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

"சார், இது பராமரிப்புக்குப் போக வேண்டிய காகிதம்."

"அங்க போனா ரெண்டு வருஷம். இங்க பத்து நாள். எது வேணும்?"

எழுத்தர் மனைவியின் நாட்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். "இங்கயே இருக்கட்டும் சார்" என்றார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி மேற்படி தொட்டி கிழக்குக் குடியிருப்புக்கு மாற்றப்படுகிறது. அங்குள்ள தொட்டி இங்கு உடனடியாகப் பொறுப்பேற்கும். இரண்டு பேர் வந்து பழையதைக் கழற்றி, வந்ததை மாட்டினார்கள். 'முற்பகல் பதினோரு மணிக்குப் பணியில் சேர்ந்தது' என்று எழுத்தரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மனைவி குழாயைத் திறந்தாள். தண்ணீர் அவள் காலில் கொட்டியது.

"இதுவும் விரிசல்தானே?"

"அதுக்கு வலப்பக்கம். இதுக்கு இடப்பக்கம்" என்றார் எழுத்தர்.

சேதி பரவியது. பக்கத்து வீட்டு டிரைவர் ஓடி வந்தார். "என் கதவுக்கு ரெண்டு வருஷமா ஒரு வழி பிறக்கல. நீ பத்தே நாள்ல எப்படிய்யா சாதிச்சே?" எழுத்தருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றல் படிவம் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் மாடிவீட்டில் ஒழுகிய குழாய் கீழ்வீட்டுக்கு வந்து ஒழுகியது. மூடாத கதவுகள் வேறு வேறு வாசல்களில் மூடாமல் நின்றன. பராமரிப்புப் புகார் ஒன்றுகூட நிலுவையில் இல்லை என்று தலைமையகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. குடியிருப்பே மகிழ்ந்தது.

எட்டாம் மாத வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்து, கிண்ணத்துத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"அந்தப் படிவம் ஒண்ணு மிச்சம் இருக்கா?"

"வாஷ்பேசினுக்கு மறுபடியுமா? ஒரு தடவை மாத்தினா, அடுத்த மாற்றலுக்கு ஆறு மாசம் போகணுமே."

"வாஷ்பேசினுக்குப் பிளம்பரை வரச் சொல்லிட்டேன். படிவம் உங்களுக்கு."

மறுநாள் காலை மாற்றல் பிரிவு வாசலில் குடியிருப்புப் பெண்கள் அத்தனை பேரும் கணவர் பெயர் எழுதிய படிவத்தோடு நின்றார்கள். "பதிலுக்கு வர்றதும் இதே மாதிரிதாம்மா இருக்கும்" என்று மேலாளர் உள்ளதைச் சொல்லிப் பார்த்தார். ஒருத்திகூட நகரவில்லை. வரிசையில் முதலாவதாக நின்றவள் மேலாளரின் மனைவி.