மூதாதையர் இடம் ஒன்று காலி

மனிதனாகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவர் இருந்தே தீரவேண்டும். இது இயற்கையின் ஏற்பாடு, இதில் யாருக்கும் சலுகை கிடையாது. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்பதும் நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் அந்தப் பெயரைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டிய கட்டாயம், கடல் கடந்து பனி நாட்டில் ரொக்ஸ்பரோவாசியாகிவிட்டவரும் ஓய்வுபெற்ற எஞ்சினியரிங் பேராசிரியருமான சுந்தரராஜனுக்கு அறுபத்தொன்பதாவது வயதில்தான் வந்து வாய்த்தது.

வினை, பிரெஞ்சு பேசும் பக்கத்து ஊரான லவாலில் ஆரம்பித்தது. மகள் தாரா, எத்தியென் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லி, அப்பா அம்மாவை லவாலில் இருக்கும் அவன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். பையன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. சுந்தரராஜன் தேடித்தான் பார்த்தார், அகப்படவில்லை. அகப்பட்டது சுவரில் தொங்கிய வம்ச விருட்சம். பதின்மூன்று தலைமுறை. பக்கத்திலேயே 1871ஆம் வருஷத்துக் குடிக்கணக்கின் நகல். குடும்பத் தலைவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் வரிசையாக இருந்தன. போதாக்குறைக்கு இரண்டு பசு, ஒரு பன்றி.

"உங்க பக்கம் எப்படி?" என்று வருங்காலச் சம்பந்தி மெஸ்யே போல்டுக் மரியாதையாகத்தான் கேட்டார்.

சுந்தரராஜனுக்கு அப்பா பெயர் தெரியும், தாத்தா பெயர் தெரியும். அதற்கு மேல் எல்லாரும் 'பெரியவங்க'.

"நாங்க ரொம்பப் பழைய குடும்பம்."

"எவ்வளவு பழசு?"

"அளந்து பார்த்ததில்லை" என்றார் சுந்தரராஜன்.

திரும்பி வரும்போது காரில், ரொக்ஸ்பரோ நெருங்கியதும் மனைவி கிரிஜாவிடம் வெடித்தார். "அவங்க வீட்டுப் பன்னிக்குக்கூட ரெக்கார்டு இருக்கு, கிரிஜா. நம்ம பொண்ணு அந்த வீட்டுக்குள்ள ஊர் பேர் இல்லாத குடும்பத்துலேர்ந்து வந்தவளா நுழையணுமா?"

"அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை அவங்கள நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். விருட்சம் கிடக்கட்டும். மொதல்ல அந்த பாத்ரூம் குழாயச் சரி பண்ணுங்க. எட்டு மாசமா ஒழுகுது" என்றாள் கிரிஜா.

குழாய் காத்திருக்கலாம். கௌரவம் காத்திருக்குமா? அன்று ராத்திரியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பாவம், அப்போதுதான் அவருக்கு ஒரு உண்மை தெரிந்தது. நம்ம ஊரில் வெள்ளைக்காரன் பத்து வருஷத்துக்கு ஒருதரம் வீடு வீடாக வந்து தலைகளை எண்ணினான். கூட்டிப் பெருக்கி அட்டவணை போட்டுப் புத்தகமாக அடித்தான். பெயர் எழுதிய தாள்களை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கடைசியில் மிஞ்சியது எண்ணிக்கை மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் பேரவை வருகிறது. பக்கத்துப் பேட்டையான கார்ட்டியர்வில்லில், டெப்பனர் என்று அங்கே சொல்லும் மளிகைப் பெட்டிக்கடை ஒன்றுக்கு மேல் மாடியில் ஒன்றிணைந்த தமிழ் மரபுப் பேரவை என்றொரு அமைப்பு நடந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் வம்சம் தேடும் மோகம் வந்ததும், பேரவையும் வம்சாவளிச் சான்றிதழ் வழங்கும் துணைக்குழு ஒன்றை நிறுவியது. அதன் தலைவர் அருமைநாதன், யாழ்ப்பாணத்துக்காரர். ஆயுசு முழுக்க அலுவலகத்தில் முத்திரை குத்தியவர். ஓய்வுபெற்ற பிறகு கை நமநமத்துக்கொண்டிருந்தது.

"பெயர் இல்லாட்டி என்ன, ஐயா? இலக்கம் இருக்குதுதானே" என்றார் அருமைநாதன்.

"இலக்கத்தை வெச்சு என்ன பண்றது?"

"உங்கட ஊர் அட்டவணையில ஒரு கட்டத்தைக் காட்டுங்கோ. அந்தக் கட்டத்துக்குள்ள இருக்கிறவர் உங்கட ஆள்தான் எண்டு நியாயம் எழுதித் தாங்கோ. நாங்கள் சான்றிதழ் தாறம்."

இவ்வளவு சுலபமா என்று சுந்தரராஜனுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு நாள் தேடி, தன் பூர்வீகமான மேலக்கொன்றையூரை 1901ஆம் வருஷ அட்டவணையில் பிடித்துவிட்டார். மொத்த ஜனம் நானூற்றுப் பன்னிரண்டு. கட்டம் கட்டமாகக் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தோர்: 1.

அந்த ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதே நிமிர்வு. உடனே நிரூபணம் எழுதினார். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் படித்தவர்கள். அந்த வருஷம் ஊரில் படித்தவர் ஒருவர்தான். எனவே அவர் என் கொள்ளுத்தாத்தா. துணைக்குழு அதைப் பரிசீலித்து, தர்க்கத்தில் பழுதில்லை என்று கண்டு, அட்டவணையின் நகலில் வட்ட முத்திரை குத்தியது. அடியில் ஆங்கிலத்தில் ஏதோ பொடி எழுத்து இருந்தது. முத்திரைக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. தாளின் மேல்பாதியில் தங்க எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள்: 'மேலக்கொன்றையூர் ஆங்கிலம் அறிந்தோர் (ஒருவர்) அவர்களின் நேர் வாரிசு.'

சுந்தரராஜன் அதைச் சுவரில் மாட்டி, படம் எடுத்து, பேரவையின் வாட்ஸப் குழுவில் போட்டார். கால் மணி நேரத்தில் போன் வந்தது.

பேசியவர் டாக்டர் ராஜசேகரன். கார்ட்டியர்வில்லில் இருக்கிறார். அவருக்கும் பூர்வீகம் அதே மேலக்கொன்றையூர். முப்பது வருஷ சிநேகிதம், ஒரு தீபாவளி தனித்தனியாகக் கொண்டாடியதில்லை.

"சுந்தர், உன் சுவத்துல தொங்கறது எங்க கொள்ளுத்தாத்தா."

"நிரூபணம் இருக்கா?"

"எங்க வீட்டுல மூணு தலைமுறையா டாக்டருங்க. படிக்காதவன் வம்சத்துல இத்தனை டாக்டர் எப்படி வருவான்?"

ஆட்சேபணை முறைப்படி பதிவாயிற்று. அடுத்த சனிக்கிழமை டெப்பனர் மாடியில் விசாரணை கூடியது. இரு தரப்பும் மனைவிமார் சகிதம் வந்திருந்தார்கள். அருமைநாதன் இரண்டு நிரூபணங்களையும் வாசித்துத் தலையாட்டினார்.

"ஓம், இவரிட நியாயமும் சரி, அவரிட நியாயமும் சரி. ஆனா கட்டத்தில ஒராள்தான் இருக்கிறார். அவருக்கு ரெண்டு பிள்ளையள் இருந்திருந்தா விசயம் முடிஞ்சுது. நீங்கள் ரெண்டு பேரும் பங்காளியள் எண்டு ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்கோ, ரெண்டு பேருக்கும் சான்றிதழ் தாறன்."

முப்பது வருஷ சிநேகிதர்கள் இருவரும் ஒரே சமயத்தில் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

"அது எப்படிங்க முடியும்? அவங்க தெரு வேற" என்றார் சுந்தரராஜன்.

"எங்க தெரு வேற" என்றார் ராஜசேகரன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைக்கு இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

எந்தத் தெரு, என்ன வேறு என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க நம்மவர்களுக்கு எந்தக் கண்டத்திலும் அவசியம் வருவதில்லை. அருமைநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டவணையைத் திரும்பப் பார்த்தார். அவர் விரல் நாலு கட்டம் தள்ளிப் போய் நின்றது.

"இதிலயும் ஒராள் இருக்கிறார். சித்தப்பிரமை உள்ளோர், ஒண்டு. இவரை இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை."

மனுதாரர் இருவரும் எட்டி அந்தக் கட்டத்தைப் பார்த்தார்கள்.

"ஊரில இருந்து வந்த குடும்பம் ரெண்டு. கட்டமும் ரெண்டு. ஒராளுக்குப் படிச்சவர். மற்றாளுக்கு இவர்."

"மீதி நானூத்திப் பத்து பேர் இருக்காங்களே?" என்றார் சுந்தரராஜன்.

"அவை சாதாரணச் சனம், ஐயா. சாதாரண ஆக்களுக்கு வாரிசு எண்டு கேட்டு இதுவரைக்கும் ஒரு விண்ணப்பமும் வரேல்லை."

ஆக, பிரச்சினை தெளிவாகிவிட்டது. படித்தவரின் வாரிசு என்று நிரூபிக்க இனி ஒரே வழி, எதிராளி மற்றவரின் வாரிசு என்று நிரூபிப்பது. முப்பது வருஷ சிநேகிதம் என்பது இதற்குத்தான் எவ்வளவு உபயோகமான விஷயம்!

ராஜசேகரன் ஆரம்பித்தார். சுந்தரராஜன் பனி வாரும்போது ரசமட்டம் வைத்துச் சமதளம் பார்ப்பவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். சுந்தரராஜன் விடவில்லை. ராஜசேகரனிடம் குளிர் கோட்டு பதினொன்று இருக்கிறது, எந்தத் திசைக் காற்றுக்கு எந்தக் கோட்டு என்று அலமாரியில் சீட்டு ஒட்டியிருக்கிறார், போன ஜனவரியில் காற்று திசை மாறிவிட்டதென்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பினார்.

"சாட்சி ஆரும் இருக்கினமோ?" என்றார் அருமைநாதன்.

மனைவிமார் இருவரும் எழுந்தார்கள். கணவர்மார் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"எங்க வீட்டுக் குழாய் ஒழுகுது. அதுக்கு அடியில இவர் ஒரு பக்கெட்ட வெச்சு, எவ்வளவு நேரத்துல நிரம்புதுன்னு தினமும் கிராஃப் போடறார். குழாயத் தொடலை" என்றாள் கிரிஜா.

"கிரிஜா, நீ நம்ம பக்கம்" என்றார் சுந்தரராஜன் மெதுவாக.

"உண்மையச் சொல்லணும்னாங்க, சொல்றேன்."

ராஜசேகரனின் மனைவி ஜெகதாம்பாள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "நான் தூங்கிட்டிருக்கும்போது இவர் என் கையப் பிடிச்சு நாடி பார்ப்பார். அப்புறம் என்னைத் தட்டி எழுப்பி, நீ நல்லா தூங்கறேன்னு சொல்வார். கல்யாணமான நாள்லேர்ந்து இதுதான்."

துணைக்குழு பக்கத்து அறைக்குப் போய், ஒரு டீ குடித்து, திரும்பி வந்து தீர்ப்பை எழுத்துமூலம் வாசித்தது. 'இரு தரப்பிலும் சித்தப்பிரமைக்கான சான்றுகள் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளன. படிப்பறிவுக்கான சான்று எத்தரப்பாலும் சமர்ப்பிக்கப்படவில்லை. எனவே மனுதாரர் இருவரும் சித்தப்பிரமை உள்ளோர் (ஒருவர்) அவர்களின் நேர் வாரிசுகள் என்றும், அதன் காரணமாகப் பங்காளிகள் என்றும் இதனால் அறிவிக்கப்படுகிறது. ஆங்கிலம் அறிந்தோர் இடம் காலி.'

பழைய சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டு, அதே அட்டவணை நகலும் அதே தங்க எழுத்துமாகப் புதியதைக் கொடுத்தார்கள். கீழே இறங்கி கார் நிறுத்திய இடத்துக்குப் போகும் வழியெல்லாம் பங்காளிகள் இருவரும் தெருவுக்கு ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள்.

முதல் ஞாயிறு வந்தது. சுந்தரராஜன் சான்றிதழைத் துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. போல்டுக் தம்பதி வந்தார்கள், சாம்பாரைப் பாராட்டினார்கள், வடையை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். பாயசம் வரும்போது போல்டுக்கின் கண் அந்த ஆணியில் விழுந்தது.

"இங்கே ஏதோ மாட்டியிருந்ததுபோல இருக்கிறதே?"

"குடும்ப சர்டிஃபிகேட். அப்பா ஒளிச்சு வெச்சிருக்கார்" என்று தாரா உள்ளே போய் எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். தடுக்க நேரமில்லை. தங்க எழுத்தை அப்படியே பிரெஞ்சில் மொழிபெயர்த்து வாசித்தாள். சுந்தரராஜன் பாயசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் போயிற்று, மானம் போயிற்று, இதற்கு அந்தப் பன்றியே தேவலை என்று அவர் மனசு சொல்லிற்று.

போல்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வந்து சுந்தரராஜன் தோளில் கை வைத்தார்.

"எங்கள் பதின்மூன்று தலைமுறையிலும் எல்லாரும் உத்தமர்கள், உழைப்பாளிகள். உங்களால் நம்ப முடிகிறதா? என் தாத்தா கோழிகளுக்குப் பாதிரியார்போலப் பூசை வைத்துப் பிரசங்கம் செய்வார். விருட்சத்தில் அவரை 'விவசாயி' என்று போட்டிருக்கிறோம். இவ்வளவு நேர்மையான குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை."

சுந்தரராஜனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிரிஜா அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். கல்யாணத் தேதி அந்த மேஜையிலேயே முடிவாயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் போல்டுக் அந்தச் சான்றிதழைப் படம் எடுத்து முகநூலில் போட்டார். வெள்ளைக்காரர் ஒருவர் மெச்சிவிட்டார் என்று தெரிந்த மறுநாளிலிருந்து பேரவை மாடிப்படியில் வரிசை நின்றது. முன்பு வாங்கியிருந்த படித்த மூதாதையர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லாரும் அந்தக் கட்டத்தைக் கேட்டார்கள். தங்கள் ஊருக்கு அந்தக் கட்டத்தில் சைபர் போட்டிருந்தவர்கள், 1901லேயே தங்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதாக மனுக் கொடுத்தார்கள். அவர்களில் சிலர் மேலக்கொன்றையூர்க்காரரில் ஒரு பங்கு கேட்டார்கள்.

சுந்தரராஜனும் ராஜசேகரனும் ஒரே காரில் வந்து இறங்கி, கூட்டாக ஆட்சேபணை கொடுத்தார்கள். "எங்க பெரியவரை வேற யாரும் தொடக்கூடாது" என்றார் ராஜசேகரன். "பங்காளிங்க நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம்" என்றார் சுந்தரராஜன்.

ஆட்சேபணையோடு சான்றிதழையும் இணைத்திருந்தார்கள். கூட வந்த தாரா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரைக்கு அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்தாள்.

"அங்கிள், இதுல என்ன போட்டிருக்கு தெரியுமா? இந்த அட்டவணையின் எண்களை வைத்து எந்தத் தனி மனிதரையும் அடையாளம் காண முடியாதுன்னு இருக்கு. எல்லார் சர்டிஃபிகேட்லயும் இதுதான் இருக்கு."

அருமைநாதன் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, வரி முழுவதையும் வாசித்தார். பேராசிரியரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், படிக்கட்டு வரை நீண்டிருந்த வரிசையையும் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் இதை ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

வரிசை ஒரு படி முன்னால் நகர்ந்தது.

"அப்ப படிச்சவரிட இடம் காலி எண்டு நாங்கள் எழுதினது சரிதான்" என்று சொல்லி, அந்த வரியின் மேல் இன்னொரு முத்திரையை அழுத்திக் குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.