எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன், சம்பந்தி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் அனைவரும் நலம். இந்த நலம் இன்று மாலை ஆறு மணி வரைக்கும்தான். ஆறு மணிக்கு உங்கள் மகள் கல்லூரியிலிருந்து வந்துவிடுவாள். கம்ப்யூட்டரைத் தொடவே பயமாக இருப்பதால் பேனாவில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்தருள வேண்டும்.

விஷயம் இதுதான். ஐந்து மாதத்துக்கு முந்தைய என் ரத்த அழுத்தக் குறிப்பை டாக்டர் கேட்டார். அதை நான் எப்போதோ கை தவறி அழித்துத் தொலைத்திருந்தேன். பையன் வெளியூர் வேலைக்குப் போகும்போது கம்ப்யூட்டரில் ஒரு டப்பாவை மாட்டி, "அப்பா, இது தினமும் எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சுக்கும், எது தொலைஞ்சாலும் இதிலேருந்து எடுத்துக்கலாம்"னு சொல்லியிருந்தான். சரின்னு அந்தப் பழைய தேதியைத் தேடிப் பிடிச்சு, எந்த ஃபைல்னு தெரியாம எல்லாத்துக்கும் டிக் போட்டேன். அது மரியாதையா ஒரு கேள்வி கேட்டுச்சு, பழைய இடத்திலேயே வைக்கட்டுமா, இல்ல வேற பேர்ல வேற இடத்துல வைக்கட்டுமான்னு. சம்பந்தி, நான் முப்பத்து நாலு வருஷம் ரெக்கார்டு ரூம்ல குப்பை கொட்டினவன். எடுத்த ஃபைல் கட்டை எடுத்த இடத்திலேயே வைக்கணும், மாத்தி வச்சவனை நிக்க வச்சு வறுத்தெடுத்திருக்கேன். என்கிட்டயா இந்தக் கேள்வி? நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு 'பழைய இடம்'னு அமுக்கினேன். இப்ப அங்க இருக்கிறது அழிஞ்சிடும், பரவாயில்லையான்னு இன்னொரு கேள்வி. என்னடா நச்சரிப்புன்னு அதுக்கும் சரின்னுட்டேன்.

என் குறிப்பு வந்துச்சு. கூடவே உங்க பொண்ணோட ஆய்வேடும் வந்து உக்காந்துச்சு, அஞ்சு மாசப் பழசு! நத்தையைப் பத்தி நாலு வருஷமா எழுதுறாளே, அடுத்த மாசம் ஒப்படைக்கணுமே, அதுதான். திறந்து பாத்தா நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தோட நிக்குது. தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காருவாளே, அந்த அஞ்சு மாச எழுத்தும் போச்சு. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னா, "நான் எதையும் பாக்கல, எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்"னு ஒரே மூச்சுல மூணு சாட்சியம் சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டா. கல்யாணம் ஆனதிலேருந்து மத்தியானம் தூங்கினதே இல்ல அவ. ரிப்பேர்காரருக்குப் போன் போட்டா, "எதையும் தொடாதீங்க, வேற வீட்ல வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்"னு வச்சுட்டாரு.

உங்க பொண்ணு கத்த மாட்டா. அதான் சம்பந்தி பயமே. போன வருஷம் அவ மூக்குக்கண்ணாடி மேல நான் உக்காந்து நொறுக்கினப்ப "பரவாயில்ல மாமா"ன்னா பாருங்க, அந்த ஒரு 'பரவாயில்ல'க்கே ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. அவளை வளத்தவர் நீங்க. அவ பொருளை உடைச்சுட்டு நீங்க எப்படித் தப்பிச்சீங்க? சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்றதா, பின்னாடியா? போன்ல கேக்கத் தைரியம் இல்ல. இந்தக் கடுதாசி உங்க கைக்கு வர மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் மொட்டைமாடியில இருக்கலாம்னு இருக்கேன்.

தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசிகள். எனக்கும் யாராவது ஆசி வழங்கினால் தட்டாமல் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆறு மணியை எதிர்நோக்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதினதையெல்லாம் அடிச்சிடுங்க. நாலரைக்கு ரிப்பேர்காரர் கூப்பிட்டாரு. "நேத்து காப்பி அந்த டப்பாவுல இருக்கும், எடுங்க. ஆனா இந்தத் தடவை வேற பேர்ல, வேற இடத்துல வைங்க சார், ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது"ன்னாரு. 'ஐயோ'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, நேத்து காப்பியை ஐயோ ஒண்ணு, போன மாசக் காப்பியை ஐயோ ரெண்டு, அதுக்கு முந்தினதை ஐயோ மூணுன்னு வரிசையா எடுத்து வச்சேன். எல்லாத்தையும் திறந்து பாத்தேன். எல்லாத்துலயும் அதே நூத்திப் பன்னிரண்டு பக்கம். கடைசி வரி "ஆகவே நத்தைகள்"னு பாதியில நிக்குது, எல்லாத்துலயும். அஞ்சு மாசமா ஒரு எழுத்து ஏறல சம்பந்தி. அந்த மூடின கதவுக்குள்ள தினமும் ரெண்டு மணி நேரம் அந்தப் பொண்ணு என்ன பாடு பட்டுச்சோ. நான் தெருவுல எதிர்ப்படுறவங்ககிட்டயெல்லாம் "மருமக டாக்டராகப் போறா"ன்னு தம்பட்டம் அடிக்கிறேன். நீங்க ஞாயித்துக்கிழமை தவறாம "எதுவரைக்கும் வந்திருக்கு"ன்னு போன்ல கேக்குறீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் பயந்துக்கிட்டு வாயே திறக்கல அவ. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பழைய இடத்துல இருந்த காப்பியையும் தூக்கி அந்த 'ஐயோ'வுக்குள்ள போட்டு மறைச்சு வச்சேன். அவளா கேக்குற அன்னிக்கு எடுத்துக் குடுப்பேன். ஆறு மணிக்கு வந்தா. "உன் ஆய்வேட்டை மொத்தமா அழிச்சுட்டேன்மா"ன்னேன். செருப்பைக்கூடக் கழட்டாம அப்படியே உக்காந்தா. "நிஜமாவா மாமா? மொத்தமுமா?"ன்னா. அஞ்சு மாசத்துல இன்னிக்குத்தான் அவ நிம்மதியா மூச்சு விட்டுப் பாத்தேன். அப்புறம் தேம்பித் தேம்பி அழுதா. அழுதுக்கிட்டே, "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா மாமா?"ன்னு கேட்டா.

சொல்லிட்டேன் சம்பந்தி. அழிச்சது நான்தான். ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, அவகிட்ட எதுவும் கேக்காம, என்னைத் திட்டுங்க.